மச்சாள் சன்னதிக்குப் போகாத வெள்ளிக்கிழமைகள்

படலையை நான் இன்னும் திறக்கேல்லை. அதுக்கு முன்னமே என்ரை மகள் யது ஓடி வந்து அங்காலை நிண்டாள்.

"அம்மா, சோதினை முழுக்க முடிஞ்சுதோ?"

"ஓமடி, முடிஞ்சுது."

"இனி ஒரு நாளும் போகத் தேவையில்லையோ?"

"இல்லை. ஏன் கேக்கிறாய்?"

பேச்சுப்போட்டிக்கு மேடை ஏறின பிள்ளை மாதிரி நிமிந்து நிண்டு சொன்னாள்: "அப்ப சொல்லலாம். நான் பெரியபிள்ளையாகிட்டன் அம்மா. இண்டைக்கில்லை. அது முந்தியே."

என்ரை ஒரு கையிலை படம் கீறுற டீ-ஸ்கொயர். மற்றக் கையிலை மழைத்தண்ணி ஒழுகிற குடை. ரெண்டும் கீழை விழுந்தது. குடை காத்துக்கு உருண்டு போய் வேலியிலை முட்டிச்சுது. நான் பாத்துக்கொண்டு நிண்டன்.

முந்தியெண்டால் எப்பவடி எண்டு கேட்டன். நான் சோதினைக்குப் படிக்கத் தொடங்கேக்கையாம். அப்ப மழை துவங்கேல்லையாம்.

மழை துவங்கி ஒரு மாசத்துக்கு மேலை. ஐயோ கடவுளே! ஒரு பாயிலை படுத்து, ஒரு சட்டியிலை திண்டு, ஒரு கொடியிலை உடுப்புக் காயப்போட்டு வாழுற ரெண்டே ரெண்டு பேர் நாங்கள். அதிலை ஒருத்தி குமராகி இவ்வளவு காலம். மற்றவளுக்குத் தெரியாது. அந்த மற்றவள் அவளைப் பெத்தவள்.

இந்தச் செய்தி போற வழி

வெளிநாட்டிலை பிறந்து வளந்த பிள்ளையள் இதைப் படிச்சால், உதிலை அதிர்ச்சிப்பட என்ன கிடக்கு எண்டு நினைப்பினம். அவைக்காகச் சொல்லுறன்.

எங்கடை பக்கம் ஒரு பெட்டை பெரியபிள்ளையானால் அது முதல் தாய்க்குத் தெரியவேணும். தாய் உடனை மாமிக்காறிக்கு ஆள் அனுப்புவா. மாமி வந்து பிள்ளையைக் கிணத்தடியிலை இருத்தித் தண்ணி வார்ப்பா. பேந்து பக்கத்து வளவு, பேந்து ஊர், பொழுதுபட முன்னம் கனடா. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கி, உழுத்தங்களி கிண்டிக் குடுத்து, பிள்ளையை வீட்டுக்குள்ளை வைச்சிருப்பினம். பள்ளிக்கூடம் இல்லை. காத்துக்கறுப்பு அண்டாமல் பக்கத்திலை ஒரு இரும்புத்துண்டும் வேப்பிலையும் கிடக்கும். வீட்டுக்குத் துடக்கு. ஐயர் வந்து அதைக் கழிக்குமட்டும் அந்த வீட்டுச் சனம் கோயில் வாசல் மிதியாது.

எனக்கு இது நடந்தது இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலை கிடக்கேக்கை. சுத்திவரச் சனம். கால் நீட்ட இடமில்லை. அந்த நெருக்கத்துக்குள்ளையும் என்ரை அம்மா ரெண்டு மேசையைத் தள்ளி, சேலையாலை ஒரு மறைப்புக் கட்டி, எங்கையோ போய் ஒரு முட்டை கொண்டந்தவ. அது எங்காலை எடுத்ததெண்டு சாகுமட்டும் சொல்லேல்லை. முட்டை கொஞ்சம் வெடுக்கடிச்சது எனக்கு இப்பவும் நாக்கிலை நிக்குது.

அப்பிடி ஒரு தாய் வளத்தவள் நான். குண்டு விழாத ஊரிலை, ஓடு போட்ட கூரைக்குக் கீழை இருந்துகொண்டு, என்ரை பிள்ளைக்கு நடந்தது தெரியாமல் இருந்திருக்கிறன். அண்டைக்குப் படலையடியிலை எனக்கு வந்தது கவலையில்லை, கோவமுமில்லை. வெறும் திகைப்பு.

"குட் மோர்னிங் மிஸ்"

நான் கல்லூரிக்குப் போன கதையைக் கொஞ்சம் சொல்லவேணும்.

யதுவின்ரை தகப்பன் பிரான்சுக்குப் போகேக்கை அவளுக்குப் பல்லு முளைக்கேல்லை. முதல் கொஞ்சக்காலம் கதைச்சவர். பேந்து போன் நம்பர் மாறிச்சுது. பேந்து அங்கை அவருக்கு வேறை குடும்பம் எண்டு அச்சுவேலியிலை ஒரு கலியாண வீட்டிலை கேள்விப்பட்டன். பந்தியிலை இருக்கேக்கை பக்கத்திலை இருந்த மனுசி எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டா. அப்பதான் பாயாசம் ஊத்தினவை. நான் அதைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எழும்பினனான். ஏன் அப்பிடிச் செய்தனெண்டு இண்டைவரைக்கும் தெரியாது.

பேந்து இடியப்பம் அவிச்சன். விடிய எழும்பி அவிச்சுச் சந்தியிலை இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குக் குடுக்கிறது. அதுதான் எங்கடை சீவியம். கடைக்காறர் வேண்டாமெண்டு திருப்பி விடுறதுதான் எங்கடை மூண்டு நேரச் சாப்பாடும். மழை நாளிலை கன இடியப்பம் திரும்பி வரும்.

எங்கை பாத்தாலும் அப்ப வெளிநாட்டுக் காசிலை வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் கீறவேணும். அதைக் கீறப் படிச்சால் ஆரின்ரை கையையும் பாராமல் இருக்கலாம் எண்டு எனக்கு ஒரு நினைப்பு. யாழ்ப்பாணத்திலை ஒரு தொழில்நுட்பக் கல்லூரியிலை படவரைஞர் படிப்புக்குப் போட்டன். கிடைச்சுது. எனக்கு வயசு முப்பத்திநாலு.

முதல் நாள் வகுப்புக்குள்ளை கால் வைக்கப் பொடியள் பெட்டையள் எல்லாரும் எழும்பி "குட் மோர்னிங் மிஸ்" எண்டுதுகள். நான் போய்க் கடைசி வாங்கிலை இருந்தன். ஒருத்தரும் சிரிக்கேல்லை, அவ்வளவு திகைப்பு அதுகளுக்கு. மத்தியானம் எல்லாம் என்னை அக்கா எண்டு கூப்பிடத் தொடங்கிட்டுதுகள்.

ஒரு தாளிலை ரெண்டு பக்கமும் கீறினது எங்கடை வகுப்பிலை நான் ஒருத்திதான். பின்பக்கக் கோடு முன்பக்கம் தெரியுது எண்டு வாத்தியார் பேசுவார். பஸ்ஸிலை என்ரை டீ-ஸ்கொயர் குத்தாத ஆள் தொண்டைமானாத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலை இல்லை. கொண்டக்டர் என்னைத் தூரத்திலை கண்டாலே "சிலுவை வருது, விலகுங்கோ" எண்டு பகிடி விடுவார்.

மச்சாள் போட்ட சட்டம்

நாங்கள் இருந்தது மச்சாளின்ரை வளவிலை. மச்சாள் எண்டால் யதுவின்ரை தகப்பனுக்கு மூத்த அக்கா. தம்பி செய்த வேலை வெளியிலை வந்த கிழமையே தன்ரை வீட்டுக்குப் பின்னாலை கிடந்த ரெண்டு அறையைக் கூட்டி, வெள்ளை அடிச்சு, எங்களை வந்து இருக்கச் சொன்னவ. அதோடை தம்பியின்ரை பேரை அவ வாயிலை எடுக்கிறதில்லை. என்னோடையும் தேவைக்குத்தான் கதைப்பா. சிரிச்சு நான் கண்டது குறைவு.

கல்லூரி கிடைச்சிட்டுதெண்டு போய்ச் சொன்னன். யது பக்கத்திலை இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மச்சாள் உலையிலை அரிசியைப் போட்டு, மூடி, கையைத் துடைச்சுப்போட்டுத்தான் மறுமொழி சொன்னா.

"பிள்ளை சின்னனாய் இருக்குமட்டும் போம். பெரியபிள்ளையானால் அண்டையோடை உமக்கு மறியல், வீட்டை விட்டு வெளிக்கிடேலாது. குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டுத் தாய் பஸ்ஸிலை திரியிறதை நான் பாத்துக்கொண்டிருக்க மாட்டன்."

வளவு அவவின்ரை. சொல்லும் அவவின்ரை. மீறினால் போக எனக்கு வேறை இடமில்லை. இடையிலை விட்டால் என்ரை வயசுக்கு இன்னொருக்கா எடுக்கவும் மாட்டினம். அப்ப கணக்கு லேசு: யது பெரியபிள்ளையாக முதல் நான் கடைசிச் சோதினை எழுதி முடிக்கவேணும். இல்லையெண்டால் சாகுமட்டும் இடியப்ப உரல்தான்.

ரெண்டு வருசமும் அந்தப் பயத்தோடைதான் பஸ் ஏறினனான். பிள்ளை ஒரு அங்குலம் வளந்தாலும் சோதினைக்கு இன்னும் எத்தினை மாசமெண்டு எண்ணுவன். சட்டை கட்டையாகினால் மற்றத் தாய்மார் சந்தோசப்படுவினம். நான் தையலைப் பிரிச்சு நீட்டிப்போட்டு, இன்னும் சின்னப்பிள்ளைதான் எண்டு எனக்கே சொல்லிக்கொள்ளுவன். ஒருக்கா சீப்பாலை தலை இழுத்துவிடேக்கை, "அம்மாவின்ரை சோதினை முடியுமட்டும் நீ வளரக் கூடாது, சரியோ?" எண்டு சொன்னன். பகிடிக்குத்தான் சொன்னனான். அவள் "ஓம் அம்மா" எண்டாள்.

அந்த "ஓம்"தான் அண்டைக்குப் படலையடியிலை என்ரை காதுக்குள்ளை கேட்டது.

கண்ணுக்கு முன்னாலை கிடந்தது

"ஆருக்கடி தெரியும்?" எண்டு கேட்டன்.

"மாமிக்கு மட்டும்."

மாமி எண்டால் மச்சாள்தான். சட்டம் போட்டதே அவதான். தெரிஞ்ச அண்டைக்கே என்னைக் கூப்பிட்டு, இனிப் போகாதையும் எண்டு சொல்லியிருக்க வேண்டியவ. ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏன்?

படலைக் கட்டையைப் பிடிச்சுக்கொண்டு யோசிச்சன். ஒவ்வொண்டாய் வந்துது.

முட்டை. மச்சாள் தன்ரை கோழி முட்டை எல்லாத்தையும் கடைக்குக் குடுக்கிறவ. தன்ரை மனுசனுக்கே எண்ணித்தான் அவிப்பா. ஆனால் மழைக்கு முதல் ஒரு நாள் நான் வரேக்கை யது அவவின்ரை குசினியிலை நிண்டு முட்டை குடிக்கிறாள். பிள்ளை மெலிஞ்சு போச்சு எண்டு மச்சாள் சொன்னா. என்னைக் குத்திக் காட்டுறா எண்டு எனக்குக் கடுப்பு வந்துது. அண்டு பின்னேரம் முழுக்க மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சன்.

ஆணி. யதுவின்ரை புத்தகப் பையுக்குள்ளை இவ்வளவு நீளத்திலை ஒரு கறள் பிடிச்ச ஆணி. பக்கத்திலை காஞ்ச வேப்பிலை. கொப்பியெல்லாம் கிழியப்போகுது, உதை ஏன் காவுறாய் எண்டு பேசினன். கைப்பணி வகுப்புக்கு எண்டாள். நான் நம்பினன். எங்கடை ஊரிலை பிறந்து, அந்த மண்டபத்திலை மூலையிலை இருந்தபோது பாக்குவெட்டியை மடியிலை வைச்சிருந்தவள், இரும்பும் வேப்பிலையும் சேத்துக் கண்டிட்டும் கைப்பணி எண்டு நம்பினன். அவ்வளவுக்குத் தலைக்குள்ளை முழுக்கக் கோடும் அளவும்.

எல்லாத்துக்கும் மேலை வெள்ளிக்கிழமை. மச்சாள் சன்னதி முருகன் கோயிலுக்குப் போகாத வெள்ளி நான் கலியாணம் கட்டி வந்த நாளிலை இருந்து இல்லை. காய்ச்சலெண்டாலும் போவா. அப்பிடிப்பட்டவ திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டா. கேட்டால் முழங்கால் குத்துதாம். அதே முழங்காலோடை மாட்டுக்குப் புல்லுச் செதுக்கினவ. எனக்கு அதுவும் விளங்கேல்லை.

அதைவிடக் கோதாரி, கடைசிச் சோதினைக்கு முந்தின வெள்ளி நான் போனனான் சன்னதிக்கு. முழுகி, தோய்ச்சு உலர்ந்த சேலை கட்டி, மச்சாளுக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனனான். அவ என்னைப் பாத்தா, வாயைத் திறந்தா, பேந்து போட்டு வாரும் எண்டா. துடக்கு வீட்டிலை இருந்து போய், வேலுக்கு முன்னாலை நிண்டு, பிள்ளையை இன்னும் கொஞ்சக் காலம் சின்னனாய் வைச்சிரு முருகா எண்டு கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறன். விபூதி கொண்டந்து யதுவுக்குப் பூசப் போக, அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். குளிக்கேல்லை அம்மா எண்டாள். தலையாலை தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

குசினியிலை

டீ-ஸ்கொயரையும் எடுக்கேல்லை, குடையையும் எடுக்கேல்லை. நேரை மச்சாளின்ரை குசினிக்குப் போனன். அவ தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"மச்சாள், யது சொல்லுறது உண்மையோ?"

அவ தலை நிமிர்த்தேல்லை. "சொல்லிப்போட்டாளோ? சோதினை முடிஞ்சுதாக்கும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டாய் வந்துது. என்னவெல்லாமோ கத்தினன். நான் அவளைப் பெத்தவள் எண்டன். ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ எண்டன். என்ரை பிள்ளைக்கு முதல் தண்ணி வார்க்கேக்கை பக்கத்திலை நிக்க எனக்குக் குடுத்துவைக்கேல்லையோ எண்டன். மச்சாள் அரைவாசித் தேங்காயையும் துருவி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருந்தா.

பேந்துதான் நடந்ததைச் சொன்னா. யது பள்ளிக்கூடத்தாலை வந்து கிணத்தடியிலை நிண்டு அழுதிருக்கிறாள். என்னெண்டு பாத்து, விளங்கி, எனக்குப் போன் எடுக்கப் போக, பிள்ளை அவவின்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு விடேல்லையாம். நீங்கள்தானே மாமி சொன்னனீங்கள், அம்மா மறியல் எண்டு. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் காட்டமாட்டன். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாளாம். மச்சாள் படலையைப் பூட்டிப்போட்டு, தனிய நிண்டு தண்ணி வார்த்து, ஒரு ஆணியும் வேப்பிலையும் பையுக்குள்ளை வைச்சு, அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிப்போட்டா. வீட்டிலை வைச்சிருந்தால் ஊருக்குத் தெரிஞ்சிடும். அவளுக்கு வேண்டின துணியெல்லாம் தன்ரை அறையிலை ஒளிச்சு வைச்சுக் குடுத்தாவாம்.

"அப்ப உங்கடை சட்டம்?" எண்டு கேட்டன்.

"சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கிறதில்லை" எண்டா மச்சாள். "பெரியபிள்ளையானால் நீர் நிக்கவேணும். ஆகேல்லையெண்டால் போகலாம்தானே. அதுதான் அவள் இன்னும் ஆகேல்லை எண்டு வைச்சிருந்தனான்."

இந்த மனுசியைத்தான் நான் கல்லு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

கடைசியாய்ச் சன்னதிக் கதையைக் கேட்டன். நான் துடக்கோடை போயிட்டனே, ஏன் என்னை மறிக்கேல்லை எண்டன்.

"மறிச்சால் ஏனெண்டு கேட்டிருப்பீர். தெரியாமல் போனவளுக்கு ஒரு குறையுமில்லை. தெரிஞ்சுகொண்டு போக விட்டவள் நான். அதை நான் முருகனோடை கதைக்கிறன்." துருவின தேங்காயை ஒதுக்கிப்போட்டு எழும்பினா. "தம்பி விட்டிட்டுப் போனதுக்கு என்னாலை ஒண்டும் செய்யேலாமல் போச்சு. இதைச் செய்யக்கூடியதாய் இருந்துது, செய்தன். இப்ப முகத்தைக் கழுவிக்கொண்டு கிணத்தடிக்கு வாரும். ஊருக்கு இண்டைக்குத்தான்."

அத்தினை வருசத்திலை தம்பி எண்ட சொல்லை அவ வாயாலை நான் கேட்டது அண்டைக்கு ஒருக்காத்தான்.

இண்டைக்குத்தான்

பக்கத்து வளவுக்கெல்லாம் ஆள் போச்சுது. கொஞ்ச நேரத்திலை கிணத்தடியிலை பெண்டுகள் நிறைஞ்சிட்டினம். மழை விட்டிருந்தது. யதுவைப் பலகையிலை இருத்தினம். அவள் தலையைக் குனிஞ்சு, நகத்தைக் கடிச்சு, வெக்கப்பட்டாள் பாருங்கோ, எனக்குத் திரும்பவும் திகைப்பு. இவ்வளவு நடிப்பு இவளுக்கு எங்காலை வந்துது?

எப்ப கண்டது எண்டு ஆரோ கேட்க, மத்தியானம் எண்டா மச்சாள், கண் வெட்டாமல். பிள்ளை பயந்திட்டாளோ எண்டு இன்னொராள். கொஞ்சம் எண்டாள் யது. பேந்து ஒரு மனுசி என்னைப் பாத்து, "பாவம், நீர் சோதினைக்கெல்லே போனனீர். உமக்கு எப்ப தெரியும்?" எண்டு கேட்டா.

"எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்" எண்டன்.

அண்டைக்கு அந்தக் கிணத்தடியிலை சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான். மச்சாளின்ரை கையிலை தண்ணிச் செம்பு ஒரு கணம் நிண்டுது. பேந்து யதுவின்ரை தலையிலை ஊத்தினா. நான் துவாயோடை பக்கத்திலை நிண்டன். பிள்ளை குளிரிலை நடுங்கினாள். துவட்டிவிட்டன். பிடரியை, காதுக்குப் பின்பக்கத்தை, எல்லாத்தையும் புதுசாய்ப் பாக்கிற மாதிரி மெதுவாய்த் துவட்டினன். சனம் நிண்டதாலை அழாமல் இருந்தன்.

சோதினையிலை நான் பாஸ். அதைப் பற்றி எழுத வேறை நேரம் வரும்.

துடக்குக் கழிச்ச பிறகு வந்த முதல் வெள்ளி, மச்சாள் விடியவே முழுகிப்போட்டுப் படலையடியிலை நிண்டா. முழங்கால் எப்பிடி எண்டு கேட்டன். எந்த முழங்கால் எண்டு கேட்டா. மூண்டு பேரும் சன்னதிக்குப் போனம். பூசை முடிஞ்சு சனமெல்லாம் கலைஞ்சிட்டுது. மச்சாள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டா. சொண்டு அசைஞ்சுகொண்டிருந்தது. எங்கடை பஸ் போற சத்தம் கேட்டது. நானும் யதுவும் மணலிலை குந்தியிருந்தம். மனுசி தான் தெரிஞ்சுகொண்டு மறைச்ச துடக்கையெல்லாம் முருகனுக்குச் சொல்லித் தீர்க்கிறா எண்டு எனக்கு விளங்கிச்சுது. என்னாலைதானே இவவுக்கு உது.

திரும்பி வரேக்கை பாலத்தடியிலை வைச்சு மெல்லக் கேட்டன், முருகன் என்ன மச்சாள் சொன்னவர் எண்டு.

மச்சாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரை பாத்து நடந்தா.

"அவருக்கும் இண்டைக்குத்தான் தெரியுமாம்."